குளியலறைக் கண்ணாடி வாங்கும் முன் சுவரில் பேப்பரை ஒட்டுங்கள்

டைல்ஸை உடைக்காமல் குளியலறையின் தோற்றத்தை மாற்ற வேண்டுமா? கண்ணாடியை மாற்றுவதுதான் சுலபமான வழி. ரசம் போன பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிய கையோடு இதை எழுதுகிறேன்.

படி 1: அளவு

வாஷ்பேசின் அகலத்தைவிடக் கண்ணாடி கொஞ்சம் குறுகலாக இருந்தால் பார்க்க அமைப்பாக இருக்கும். நினைத்த அளவில் பழைய நியூஸ்பேப்பரை வெட்டி, மாஸ்கிங் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பெரிதா சிறிதா என்பது தானாகத் தெரிந்துவிடும். குழாய்த் தண்ணீர் தெறிக்காதபடி கீழ் விளிம்பைக் குழாயிலிருந்து 15–20 செ.மீ. தள்ளியே வையுங்கள்.

அப்புறம், மொபைலின் முன்பக்கக் கேமராவை ஆன் செய்து அந்தப் பேப்பர்மேல் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் என்ன தெரியப் போகிறது என்பது ஏறக்குறைய அதுதான். கழிப்பறைப் பீங்கான் நடுநாயகமாகத் தெரிந்தால் இடத்தையோ அளவையோ மாற்றிவிடுங்கள்.

படி 2: வடிவம்

இது அவரவர் ரசனை. படுக்கைவாட்டில் வைத்தால் அறை அகலமாகவும், நெடுக்குவாட்டில் வைத்தால் உயரமாகவும் தோன்றும். எங்கும் சதுர டைல்ஸ் என்றால் வட்டக் கண்ணாடி நல்ல மாறுதல். ஃப்ரேம் வேண்டுமானால் குழாயின் நிறத்தில் மெட்டல் ஃப்ரேம் போடுங்கள். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த ஃப்ரேம் ஈரத்தில் ஊதிவிடும், வேண்டவே வேண்டாம்.

படி 3: கடையில் கவனிக்க வேண்டியவை

கண்ணாடியைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது, அதைக் காப்பது பின்னால் அடித்திருக்கும் பெயிண்ட்தான். ஈரம் விளிம்பு வழியாக உள்ளே புகுந்துதான் ஓரம் கறுத்துப்போகிறது. அதனால் விளிம்பு நன்றாகப் பாலிஷ் ஆகியிருக்கிறதா, பெயிண்ட் எங்காவது உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'காப்பர் ஃப்ரீ' (பின்பக்கப் பூச்சில் செம்பு இல்லாத) வகை கிடைத்தால் அதையே எடுங்கள், ஈரத்தை அதிக நாள் தாங்கும்.

நேரான ஜன்னல் சட்டம் ஏதாவது கண்ணாடியில் தெரியும்படி நின்று, தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். சட்டம் நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். பெரிய அளவென்றால் 5 மி.மீ. தடிமன் என் விருப்பம். ஆனால் 60 × 80 செ.மீ. துண்டே சுமார் 6 கிலோ வரும். எடையை மனதில் வைத்துத்தான் மாட்டும் வழியை முடிவுசெய்ய வேண்டும்.

படி 4: மாட்டுவது

பலரும் சறுக்கும் இடம் இதுதான். கையில் கிடைத்த சிலிகோனைத் தடவி ஒட்டிவிடுகிறோம். வினிகர் வாடை அடிக்கும் சிலிகோன் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது பெயிண்டைத் தாண்டி வெள்ளிப் பூச்சை அரிக்க, பசை இருக்கும் இடங்களில் முன்பக்கம் கறை தெரியும். கறை விழுந்தபின் சரிசெய்ய வழியில்லை. டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருக்கிறதா, கண்ணாடிக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

பசையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் போடுங்கள். குறுக்கே போட்டால் பின்னால் இறங்கும் ஈரம் அதன்மேல் தேங்கிவிடும். பசை காயும்வரை கீழே முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். பெரிய கண்ணாடியென்றால் கீழே கிளிப்பும் வேண்டும். பசையை மட்டும் நம்ப எனக்குத் தைரியம் கிடையாது.

டைல்ஸில் துளை போடுவதாக இருந்தால் ட்ரில்லில் ஹேமர் மோடை அணைத்துவிட்டு, டைல்ஸுக்கான பிட்டைப் போடுங்கள். பின்னால் தண்ணீர்க் குழாயோ ஒயரோ ஓடுகிறதா என்று முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 5: விளக்கு

தலைக்கு மேலே மட்டும் விளக்கு இருந்தால் கண்ணுக்கடியில் நிழல் விழும். கண்ணாடியின் இரு பக்கமும் முக உயரத்தில் வைத்தால் முகம் தெளிவாகத் தெரியும். விளக்கோடு வரும் எல்ஈடி கண்ணாடி அழகுதான். ஆனால் பல மாடல்களில் எல்ஈடியைத் தனியாக மாற்ற முடியாது, அதனால் என் ஓட்டு சாதாரணக் கண்ணாடிக்கும் தனி விளக்குக்கும்தான்.

பின்சேர்க்கை: வீட்டில் உயரமானவரும் குள்ளமானவரும் இருந்தால் எந்த உயரத்தில் மாட்டுவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். உயரமானவரின் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே மேல் விளிம்பு இருந்தாலே அவருக்குத் தலை முழுதும் தெரியும், தள்ளி நின்றாலும் கிட்ட நின்றாலும் இதில் மாற்றமில்லை. அங்கிருந்து கீழே எவ்வளவு இறக்க வேண்டும் என்பதைக் குள்ளமானவரை நிறுத்திப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

இன்னொன்று, துடைக்கும் ஸ்ப்ரேயைக் கண்ணாடிமேல் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். வழிந்து கீழ் விளிம்பில் தேங்கினால் அங்கேதான் முதலில் கறுக்கும்.