ஷிட்ஸூ முடியில் சடை விழுந்தால்: குளிப்பாட்டும் முன் செய்ய வேண்டியவை

ஷிட்ஸூ, லாசா ஆப்சோ, மால்டீஸ், பூடில் கலப்பு என முடி வளர்ந்துகொண்டே போகும் நாய் வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. லாப்ரடார், நாட்டு நாய் வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலை இல்லை. ஸ்பிட்ஸ், பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவருக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். இதிலுள்ள மெஷின் (முடியை ஒட்ட வெட்டும் கிளிப்பர்) பகுதியை அவற்றின் மேல் முயன்றுவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: சடை இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. "கண்டிஷனர் போட்டுக் குளிப்பாட்டினால் சிக்கு இளகிவிடும்" என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நனைந்த முடி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். காயும்போது இன்னும் இறுகிக் கம்பளி அட்டை போல ஆகிவிடும். குளிப்பதற்கு முன் விரலால் பிரிக்க முடிந்த சிக்கு, காய்ந்த பிறகு மெஷினுக்குத்தான் அடங்கும். அது மட்டுமல்ல, சடைக்குள் போன ஷாம்பூ முழுதாக அலசப்படாது. சென்னைப் புழுக்கத்தில் அடிமுடி ஒரு நாள் ஆனாலும் ஈரமாகவே கிடக்கும். தோல் அரிக்கும், நாய் நக்கும், நக்கிய இடம் மறுபடி ஈரமாகும், இரண்டே நாளில் அங்கே புண் வைத்துவிடும்.

சடை ஏன் விழுகிறது

"முடி கொட்டாத நாய்" என்று சொல்லித்தான் ஷிட்ஸூவை விற்கிறார்கள். முடி கொட்டத்தான் செய்கிறது. உதிர்ந்த முடி தரையில் விழாமல் பக்கத்து முடியிலேயே மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் உராய்வும் ஈரமும் சேர்ந்தால் சடை. காதுக்குப் பின்னால், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, வால் அடி, விரல் இடுக்கு, தாடை என்று இந்த ஏழு இடங்களில்தான் எப்போதும் ஆரம்பிக்கும். குட்டி முடி போய் வளர்ந்த நாயின் முடி வரும் காலம், ஏறக்குறைய ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயது வரை, மிக மோசம். அதுவரை வாரம் ஒருமுறை சீவியது போதுமாக இருந்திருக்கும். திடீரென்று தினமும் சீவினாலும் போதாது போலத் தோன்றும். சில மாதங்களில் அது அடங்கிவிடும்.

என்னென்ன வேண்டும்

ஸ்டீல் சீப்பு ஒன்று. ஒரு பாதி அகலப் பல், மறு பாதி நெருக்கப் பல், பல் நீளம் குறைந்தது ஒரு அங்குலம். பிளாஸ்டிக் சீப்பு சிக்கில் வளைந்து கொடுக்கும், எங்கே சிக்கு இருக்கிறது என்று கைக்குத் தெரியாது.

ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று. மெல்லிய வளைந்த கம்பிகள் ரப்பர் மெத்தையில் குத்தியிருக்கும். வாங்கியதும் உங்கள் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கீறினால் நாய்க்கும் கீறும். பட்டனை அழுத்தினால் முடி தானாக வெளியே வரும் மாடல் வசதிதான், ஆனால் கம்பி குட்டையாக இருந்தால் அடர்ந்த முடியில் அடிவரை எட்டாது. பட்டனைவிடக் கம்பி நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சமையலறையில் இருக்கும் வெள்ளைச் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்), அல்லது நாய்க்கான கண்டிஷனர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்த ஸ்ப்ரே பாட்டில். இரண்டில் ஒன்று மட்டும். இரண்டையும் போட்டால் பசையாகிவிடும். ஸ்ப்ரே என்றால் முடியில் பூத்தூறலாகப் பட வேண்டும், நனையக் கூடாது. டீ ட்ரீ எண்ணெய் கலந்த எதுவும் வேண்டாம், நாய்க்கு அது விஷம்.

வேண்டாதவை: பிளேடு வைத்த சிக்கெடுக்கும் சீப்பு (பழகாத கையில் நல்ல முடியையும் அறுக்கும்), ஃபர்மினேட்டர் வகைக் கருவி (உதிரும் அடிமுடியை வாரி எடுப்பது, ஷிட்ஸூவுக்கு உரியதே அல்ல), அப்புறம் கத்தரிக்கோல்.

கத்தரிக்கோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சடை இறுகும்போது தோலையும் சேர்த்து மேலே இழுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் முடி உருண்டை. உள்ளே பாதி உயரத்துக்குத் தோல் ஏறியிருக்கும். அடியோடு வெட்டுகிறேன் என்று வெட்டினால் தோல் அறுந்து, காயம் அகலமாக வாய் பிளந்து தையல் வரை போகும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் தோல் மெல்லிசு, அங்கேதான் சடையும் அதிகம். வேலை செய்யும் மேஜையில் கத்தரிக்கோலை வைக்கவே வைக்காதீர்கள். கையில் இருந்தால் பொறுமை இழந்த நேரத்தில் எடுக்கத் தோன்றும்.

எதைப் பிரிக்கலாம், எதை எடுத்துவிட வேண்டும்

சடைக்கும் தோலுக்கும் நடுவே சீப்பை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பிரிக்கலாம். நுழையாமல் தோலோடு ஒட்டியிருந்தால் மெஷின்தான். ஒன்றிரண்டு இடம் என்றால் பிரிப்பது நியாயம். உடம்பு முழுக்கப் பாளமாக இருந்தால், மூன்று மணி நேரம் நாயை அழவைத்து முடியைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்துவிடும்.

பிரிக்கும் முறை

1. இடுப்பு உயர மேஜை, மேலே வழுக்காத ரப்பர் விரிப்பு. தரையில் உட்கார்ந்து செய்தால் நாய் நழுவி ஓடும், உங்கள் முதுகும் போகும். மேஜையில் இருக்கும்வரை ஒரு கை நாயின் மேல் இருக்கட்டும்.

2. பின்னங்காலில் ஆரம்பியுங்கள். முகம், காது, பாதம் கடைசியில். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.

3. சடையில் சோள மாவைத் தூவி விரலால் தேய்த்து உள்ளே இறக்குங்கள். முடிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்.

4. இடது கை விரல்களால் சடையின் அடியை, தோலுக்குச் சற்று மேலே, இறுக்கிப் பிடியுங்கள். இழுப்பு உங்கள் விரலில் நின்றுவிடும், தோலுக்குப் போகாது. நாய் பொறுத்துக்கொள்வதும் கடிக்கத் திரும்புவதும் இந்தப் பிடியைப் பொறுத்தது.

5. வலது கையால் சடையை நீளவாக்கில் இரண்டாகப் பிய்த்துப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக. வராத இடத்தில் சீப்பின் கடைசிப் பல்லை மட்டும் நுனியில் செலுத்தி நெம்பி எடுங்கள்.

6. பிரிந்த சிறு துண்டுகளை ஸ்லிக்கரின் மூலையால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறுசிறு இழுப்பாகச் சீவுங்கள். நுனி விட்ட பிறகு அரை அங்குலம் மேலே. வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய்க் கட்டியாகும்.

7. அகலப் பல்லால் ஒருமுறை, நெருக்கப் பல்லால் ஒருமுறை. சீப்பு தோலில் பட்டு நுனிவரை நிற்காமல் வந்தால் அந்த இடம் முடிந்தது.

எல்லோரும் தவறவிடும் இடம்

"தினமும் பிரஷ் பண்றேன், அப்படியும் சடை விழுது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. மேல்முடியைத்தான் தினமும் சீவுகிறார்கள். பிரஷ் மேலே வழுக்கிக்கொண்டு ஓடும், முடி பஞ்சாகப் பொங்கி அழகாக நிற்கும், அடியில் தோலோரமாக ஒரு அடுக்கு இறுகிக்கொண்டே இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்லரில் "மேடம், ஃபுல்லா எடுக்கணும்" என்பார்கள்.

இதற்கு வகிடு வகிடாகச் சீவ வேண்டும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பாதத்துக்குச் சற்று மேலே, காலின் முடி மொத்தத்தையும் இடது கையால் மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குக் கீழே குறுக்கே ஒரு கோடாகத் தோல் தெரிய வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து அரை அங்குல முடியை மட்டும் கீழே விட்டு, வேரிலிருந்து நுனிவரை சீவுங்கள். அடுத்த அரை அங்குலம் விடுங்கள். மறுபடி தோல் கோடு தெரிகிறதா? சீவுங்கள். இப்படியே கால், தொடை, விலா, முதுகுவரை ஏறுங்கள். கோடு தெரியவில்லை என்றால் மேல்முடியைத்தான் சீவிக்கொண்டிருக்கிறீர்கள். பழகும்வரை ஒரு பக்கம் முடிக்கவே அரை மணி நேரம் ஆகலாம்.

ஒரே இடத்தில் ஸ்லிக்கரை அழுத்தித் தேய்க்காதீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத் தோல் சிவந்து, நாய் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். மணிக்கட்டைத் தளர்த்தி, பிரஷின் எடை மட்டும் விழும்படி சீவினால் போதும்.

மெஷின் போட வேண்டியிருந்தால்

ஆண்கள் தாடிக்கு வைத்திருக்கும் ட்ரிம்மர் நாய் முடியில் சிக்கி நின்றுவிடும், பிடுங்கவும் செய்யும். பிளேடு கழற்றி மாட்டும் நாய் கிளிப்பரும் 10ஆம் எண் பிளேடும் வேண்டும். இந்த பிளேடு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் முடியை விடும். "கொஞ்சம் நீளமாக விடலாமே" என்று பெரிய பிளேடோ மேலே மாட்டும் சீப்போ போட்டால் சடைக்கு அடியில் நுழையாது. பல் அகலமான பிளேடில் தோல் மடிப்பும் மாட்டிக்கொள்ளும்.

பிளேடைத் தோலோடு படுக்கையாக வைத்து, இன்னொரு கையால் தோலை இழுத்து விறைப்பாக்கிக்கொண்டு, சடைக்கும் தோலுக்கும் நடுவே மெதுவாகத் தள்ளுங்கள். சடை பாளமாகப் பெயர்ந்து வரும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டுத் தொடருங்கள். அக்குள் மடிப்பு, தொடைக்கு முன்னால் உள்ள தொங்கு தோல், முலைக்காம்புகள் (ஆண் நாய்க்கும் உண்டு) ஆகியவை வெட்டுப்படும் இடங்கள்.

காது தனிக் கவனம் கேட்கும். முடி காது மடலைத் தாண்டித் தொங்குவதால் மடல் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வெட்டுங்கள். கனமான சடையை எடுத்தவுடன் மடலில் ரத்த ஓட்டம் திடீரென்று கூடும், நாயும் லேசான காதை விடாமல் உதறும். அதில் மடலுக்குள் ரத்தம் கட்டிப் பை போல வீங்கலாம். முதல் சில மணி நேரம் மெல்லிய துணியால் காதைத் தலையோடு சேர்த்துத் தளர்வாகச் சுற்றிவிடுங்கள். வீங்கினால் அன்றே மருத்துவரிடம்.

சடைக்கு அடியில் உண்ணிக் கூட்டம் இருப்பது சகஜம். புண்ணோ, துர்நாற்றமோ, புழுவோ தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒட்ட வெட்டிய நாயைச் சில வாரங்கள் வெயிலில் நடக்கவிடாதீர்கள்.

இப்போது குளியல்

நாய் ஷாம்பூவை ஒரு மக்கில் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, முடி விழும் திசையிலேயே கையால் அழுத்தி இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் புதுச் சடை தயார். நம் ஷாம்பூ வேண்டாம், நாய்த் தோலின் அமில அளவு வேறு. சீயக்காய்த் தூள் அடிமுடியில் தங்கும், ஷிட்ஸூவின் பிதுங்கிய கண்ணில் பட்டால் எரிச்சல் பொல்லாதது. கண்டிஷனரை நன்றாக அலசுங்கள். டவலால் துவட்டக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். டிரையரை மிதமான சூட்டில் ஆட்டிக்கொண்டே, வகிடு எடுத்துச் சீவிக்கொண்டே காயவையுங்கள். மூக்கு சப்பையான நாய் சீக்கிரம் சூடேறி மூச்சு வாங்கும். இளைத்தால் உடனே நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மின்விசிறியை மட்டும் நம்பினால் அடிமுடி காயாது.

மறுபடி விழாமல் இருக்க

தினமும் அந்த ஏழு இடங்களில் மட்டும் சீப்பு, ஐந்து நிமிடம். வாரம் இரண்டு மூன்று முறை முழு உடம்பும் வகிடு எடுத்து. வீட்டில் இருக்கும்போது கழுத்துப்பட்டையையும் ஹார்னஸையும் கழற்றிவிடுங்கள், அக்குள் சடைக்குப் பாதிக் காரணம் ஹார்னஸ். காலி மனைப் பக்கம் நடந்து வந்தால் நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் ஒட்டியிருக்கும், அன்றே எடுக்காவிட்டால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் ஒரு முடிச்சு விழும். தயிர்சாதம் சாப்பிட்ட தாடியை உடனே துடைத்துச் சீவுங்கள். காய்ந்தால் கல்.

என்னைக் கேட்டால், நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தரை தொடும் முடி வேண்டவே வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்க ஒரு அங்குலமாக வெட்டிவிட்டால் மேலே சொன்ன வேலையில் முக்கால்வாசி குறையும். உண்ணி மருந்து சொட்டு விடுபவர்களுக்கும் இது நல்லது. சடையின் மேல் விட்ட மருந்து தோலுக்குப் போய்ச் சேராது.

ஸ்பிட்ஸ், பொமரேனியன், கோல்டன்

இவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. ஒட்ட வெட்டினால் சிலவற்றுக்குத் திரும்ப ஒழுங்காக வளராமல் திட்டுத் திட்டாக நிற்கும். வெயிலுக்காக மழித்துவிடும் பழக்கத்தை விடுங்கள். உதிரும் அடிமுடியை அதற்கான ரேக்கால் (நீளப் பல் வைத்த வாரி) வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும். காதுக்குப் பின்னால், பின்தொடையில் விழும் சடைக்கு மேலே சொன்ன விரல் முறையே போதும்.

பிறகு சேர்த்தது

பலாப்பழப் பால், தார், சூயிங்கம் ஒட்டினால்: தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரலால் கசக்கி, சீப்பால் இழுத்துவிட்டு, ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். தேங்காய் எண்ணெயைத் தினசரி சிக்கெடுக்கப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம், பிசுக்கில் தூசி சேர்ந்து அதுவே சடையாகும்.

தொட்டாலே கடிக்க வரும் நாய்: வீட்டில் போராட வேண்டாம், மனிதர்களுக்கான தூக்க மாத்திரையும் கூடாது. மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் மெஷின் போட்டுவிடுவார்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். எங்கே போனாலும் சப்பை மூக்கு நாய், என்ன எடை, தூங்கும்போது குறட்டை விடுமா, இதயக் கோளாறு ஏதும் உண்டா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.