பழைய பம்ப் ரைஃபிள்: ".22" என்று மட்டும் சொல்லித் தோட்டா வாங்காதீர்கள்

முன்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ரைஃபிளான வின்செஸ்டர் 1890 மாடலைப் புதிதாக வாங்குகிறவர் பெரும்பாலும் முதல் நாளே செய்கிற தவறு, கடைக்குப் போய் ".22 தோட்டா ஒரு பெட்டி" என்று கேட்பது. .22 என்பது குழலின் அளவை ஏறக்குறையச் சொல்கிறது, அவ்வளவுதான். எந்தத் தோட்டா என்று அது சொல்வதில்லை. பிரௌனிங் சகோதரர்கள் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி 1890 முதல் 1932 வரை எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஷார்ட், லாங், டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம் ஃபயர்), பிற்பாடு லாங் ரைஃபிள் என்று நான்கு வகைத் தோட்டாவுக்கு வந்தாலும், ஒரு துப்பாக்கிக்கு ஒரே வகைதான். குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாயிலிருந்து ஒவ்வொன்றாக மேலே தூக்கித் தரும் கேரியர் அந்த ஒரு நீளத்துக்கே செதுக்கப்பட்டது. நீளம் மாறினால் பாதி வழியில் சிக்கும்.

சிக்கினால் பிழைத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்காமல் உள்ளே போனால்தான் வம்பு. டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவின் உடல் விட்டம் சுமார் 6.15 மி.மீ.; லாங் ரைஃபிளுடையது 5.7 மி.மீ. சொச்சம். சிறியதைப் பெரிய அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) போட்டுச் சுட்டால், தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாமல் பித்தளை உறை உப்பி நீளவாக்கில் பிளக்கும். சூடான வாயு பின்பக்கமாக, முகத்தை நோக்கி வரும். வெளியே விழும் உறையில் நெடுக ஒரு கிழிசல் இருந்தால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். குழலின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். அதையும் முழுக்க நம்ப வேண்டாம்: திருவிழாக்களின் குறிசுடும் கூடாரங்களில் ஓடித் தேய்ந்த, ஷார்ட் தோட்டாவுக்கான ரைஃபிள்களை, அறையை நீட்டி லாங் ரைஃபிளுக்கு மாற்றியவர்கள் உண்டு. மாற்றினாலும் குறி சரியாக விழாது. ஷார்ட்டின் 29 கிரெய்ன் எடைக் குண்டுக்காக 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குழலுக்குள் வெட்டிய சுருள் புரி, 40 கிரெய்ன் குண்டைச் சுழற்றப் போதாது. சந்தேகமிருந்தால் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அறைக்கு வார்ப்பு எடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

வின்செஸ்டரின் இன்னொரு பம்ப் ரைஃபிளான 1906 மாடலுக்கு இந்தத் தொல்லை குறைவு. முதலில் ஷார்ட்டுக்கு மட்டும் வந்தது. 1908 முதல் ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றையும் கலந்தே ஏற்கும். அங்கே வேறொரு தவறு நடக்கும். ஷார்ட்டின் உறை 10.7 மி.மீ., லாங் ரைஃபிளின் உறை 15.6 மி.மீ. ஷார்ட்டாகவே சுட்டுக்கொண்டிருந்தால், உறை முடிகிற இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். ஒரு நாள் லாங் ரைஃபிளைப் போட்டால் முழுதாக உட்காராது. சுட்டபின் வெளியே வராது. பலர் உடனே உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரைக் குறை சொல்லிப் புதிது வாங்குகிறார்கள். வெண்கலத் தூரிகையில் கரைப்பானைத் தொட்டு அறைக்குள் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினாலே போதும்.

அதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு: வெற்று அறையில் விசையை இழுத்து விளையாடுவது. இவை ரிம்ஃபயர் வகை; அடிமுள் தோட்டாவின் பின்விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லாவிட்டால் அந்த அடி அறையின் வாய் விளிம்பில் விழுகிறது. நாளடைவில் அங்கே ஒரு பள்ளம், பள்ளத்தின் பக்கத்தில் உள்நோக்கி ஒரு பிசிறு. டார்ச் அடித்துப் பார்த்தால் நகக்கீறல் போலத் தெரியும். அரம் போட்டு ராவாதீர்கள்; ராவினால் அறை பெரிதாகும், பிசிறாக ஒதுங்கிய இரும்பு திரும்பக் கிடைக்காது. அதைப் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ளுவதற்கென்று ஒரு கருவி இருக்கிறது.

அடிமுள்ளைத் தட்டும் குதிரை வெளியே தெரியும் வின்செஸ்டர்களில் விசையை அழுத்திப் பிடித்தபடி பம்ப் செய்தால், அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டு மூடிய கணமே வெடிக்கும். பழகியவர்களுக்கு இது வேடிக்கை. பழகாத கைக்கு, குழல் எங்கே பார்க்கிறது என்று யோசிக்கும் முன்பே குண்டு போய்விடும். சுடும் கணம் தவிர, விரல் விசைக்கு வெளியே.

குழாய் காலி என்றால் துப்பாக்கி காலி என்று நினைப்பதும் பெரிய தவறு. உள்குழாயை உருவிவிட்ட பிறகும் கேரியரில் ஒரு தோட்டா ஒளிந்திருக்கலாம். மூன்று நான்கு முறை முழு வீச்சில் பம்ப் செய்து, பூட்டைத் திறந்து வைத்து, அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள்.

வேகத் தோட்டா வேண்டாம். 1930-க்கு முந்தைய துப்பாக்கிகள் பிறந்தபோது அந்தச் சரக்கே சந்தையில் இல்லை. நொடிக்கு 330 மீட்டர் அளவில் போகும் சாதாரண வேகத் தோட்டாவே இவற்றுக்கு உகந்தது. சுட்ட உறையின் அடிப்பாகம் விளிம்பை ஒட்டிப் புடைத்திருந்தால் பூட்டு தேய்ந்திருக்கிறது. அதைச் சரிபார்க்காமல் மேற்கொண்டு சுடக்கூடாது.

தோட்டா வெடிக்காமல் போனால் ஸ்பிரிங்கை மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் காரணம் எழுபது எண்பது வருட எண்ணெய். பூட்டுக்குள் அரக்காக இறுகி அடிமுள்ளைப் பிடித்து வைத்திருக்கும். கழற்றி, கரைப்பானில் ஊறவைத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஹார்டுவேர் கடைத் திருப்புளியோடு திருகை நெருங்க வேண்டாம். அதன் நுனி ஆப்பு போல ஒடுங்கியிருப்பதால் வெட்டிலிருந்து வழுக்கி விளிம்பைப் பிய்த்துவிடும். நுனி இருபுறமும் இணையாகத் தேய்த்த, வெட்டுக்குள் இறுக்கமாக உட்காரும் திருப்புளி வேண்டும். இடப்பக்கம் இருக்கும் பிரிப்புத் திருகுக்கு விரல்தான். குறடு போட்ட பல் தடம் உள்ள துப்பாக்கிகளைச் சந்தையில் எத்தனையோ பார்க்கலாம்.

இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் குழலைப் பின்பக்கமிருந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்ய முடியாது. எனவே கம்பியை முன்வாயில் விட்டு இழுக்கிறார்கள்; அது உரசி உரசி வாயின் விளிம்பு ஒருபக்கம் தேய்ந்து குறி விலகும். பின்னாலிருந்து முன்னே இழுக்கும் சுத்தக் கயிறு வாங்குங்கள். கம்பிதான் இருக்கிறதென்றால் வாயில் பித்தளை வழிகாட்டி பொருத்துங்கள்.

கடைசியாக, பளபளப்பு ஆசை. மெருகுச் சக்கரத்தில் பிடித்து, இரும்புக்கு நீலக்கருப்பு நிறம் தரும் புது நீலம் பூசினால் எண்கோணக் குழலின் முனைகள் மழுங்கும், எழுத்துகள் மங்கும், திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம் போலக் குழியும். வாங்குகிறவர் முதலில் பார்ப்பது இந்த மூன்றையும்தான். பார்த்ததும் விலை சரியும். மேல் துருவுக்கு எண்ணெயில் நனைத்த 0000 எண் (மிக மெல்லிய) இரும்புப் பஞ்சு, ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் சோதித்த பிறகு. அதில் போகாத துரு அப்படியே இருக்கட்டும்.