எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: சொல்லாமல் மறைப்பதால் வரும் தவறுகள்

"பரவாயில்லை மிஸ்ஸி." வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்த அன்று இரவு, வலி பத்துக்கு எத்தனை என்று தாதி கேட்டபோதெல்லாம் நான் சொன்ன பதில் இதுதான். உண்மையில் வலது தோள்பட்டையைக் கம்பி விட்டுக் குடைவதுபோல் இருந்தது. வயிற்றில் துளை போட்டால் தோள் ஏன் வலிக்கிறது என்று கேட்கக் கூச்சம். ஓடி ஓடி வேலை பார்ப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நினைப்பு வேறு. விடிந்ததும் என்னை நடக்க வைக்க வந்த இயன்முறை சிகிச்சையாளரிடம், "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு" என்றேன். அந்தக் கொஞ்ச நேரம் மதியம்வரை நீண்டது.

அது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் விளங்கியது. இந்தச் சிகிச்சையை வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் வழியாகச் செய்கிறார்கள். உள்ளே இடம் கிடைக்கக் கரியமில வாயுவை நிரப்புவார்கள். மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்த, அந்த வலி நரம்பு வழியே தோளில் தெரியும். எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் தணிந்துவிடும். வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்தே கிடந்தால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது, நுரையீரலில் சளி தேங்கும், காலில் ரத்தம் கட்டும். கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் இறுக்கமான காலுறையும் ஊசியும் நடையும். வலிக்கு மருந்து தருவது நீங்கள் நடக்க வேண்டும் என்பதற்காக. எட்டு என்றால் எட்டு என்று சொல்லுங்கள்.

எல்லாத் தோள்வலியும் வாயு வலி என்றும் விட்டுவிடக் கூடாது. தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் அது வீடு திரும்பிச் சில நாள் கழித்துக்கூடத் தெரியவரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் படபடவென்று அடிப்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, குறிப்பாக இடது தோளில் வலி, மூச்சுத் திணறல்: இவற்றில் ஒன்று வந்தாலும் பக்கத்து கிளினிக்கில் வரிசை பிடிக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். போனவுடன் முதல் வாக்கியமாக, "எனக்கு வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் நடந்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.

மறைக்கும் பழக்கம் வார்டில் தொடங்குவதில்லை. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூரில் பொதுவாக பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு) 37.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், நீரிழிவு, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு போன்றவையும் சேர்ந்திருந்தால் 32.5 முதலே, இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். மருத்துவக் காரணத்துக்காகச் செய்தால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, மெடிஷீல்ட் லைஃப் காப்பீடு இரண்டும் கைகொடுக்கும். பரிந்துரை இல்லாமல் நேரே போய் மருத்துவரைத் தேர்ந்தெடுத்தால் கட்டணக் கழிவு கிடைக்காது. இதைப் பில் வந்த பிறகு தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

சிகிச்சைக்கு முன் பல நிபுணர்கள் கேள்வி கேட்பார்கள். நம்மை வடிகட்டி அனுப்பத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சிகரெட்டையும் நடு இரவுச் சாப்பாட்டையும் குறட்டையையும் பாதியாகச் சொல்கிறோம். நாட்டு மருந்து, ஜின்செங், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் எல்லாம் மருந்துக் கணக்கிலேயே வராது என்று விட்டுவிடுகிறோம். சிலவற்றால் ரத்தப்போக்கு கூடலாம். எடை குறைய ஊசி போட்டுக்கொள்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். செமாகுளுடைட் போன்ற ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரம் சாப்பாட்டுக்குப் பதில் புரதப் பால் தருவது பலருக்குத் தண்டனைபோலத் தெரிகிறது. அது கல்லீரலுக்காக. கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் வயிற்றின்மேல் படர்ந்து கிடக்கும். இந்தப் பாலைக் குடித்தால் அது சுருங்கும், அறுவை மருத்துவருக்கு வழி கிடைக்கும். இடையில் ஒரு கல்யாண விருந்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் போனைப் போட்டுச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. மேசையில் படுக்கும்வரை அந்த ஒரு தட்டுதான் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது.

வார்டில் மறக்க முடியாத பொருள், மாத்திரை தரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கோப்பை. 30 மில்லி. பக்கவாட்டில் கோடுகள் இருக்கும். தாதி அதில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, "கால் மணி நேரத்துக்கு இது போதும், சொட்டுச் சொட்டா" என்றார். ஒரே மடக்கில் குடித்தேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்ததுபோல் அடைத்து, கண்ணில் நீர் வந்து, அத்தனையும் வெளியே வந்தது. வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்தாகிவிட்டது. மீதி ஒரு வாழைப்பழம்போல ஒடுங்கிய குழாய், அதுவும் வீங்கியிருக்கிறது. இதற்குப் பயந்து தண்ணீரையே குறைப்பது அடுத்த தவறு. வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி வார்டுக்கு வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நீர்ச்சத்துக் குறைவு. நாளெல்லாம் உறிஞ்சி உறிஞ்சி ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும். உடம்பு முடியாவிட்டால் கை தானாகப் போகும் 100 பிளஸ் பானம் இப்போது ஆகாது. அதில் வாயுவும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது.

வீட்டில் அம்மா பிளாஸ்கில் கஞ்சியோடு காத்திருந்தார். நம் ஊரில் நோயாளி என்றால் கஞ்சிதானே. ஆனால் அந்தச் சிறு வயிற்றில் கஞ்சி நிரம்பினால் புரதத்துக்கு இடமில்லை. தசை கரையும், முடி கொட்டும். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். உணவியல் நிபுணர் சொல்லும் கட்டத்தைத் தாண்டாமல், முதலில் புரதப் பால், நீர்மோர், வடிகட்டிய பருப்பு, பிறகு சர்க்கரை போடாத தாவ் ஹுவே (மென்மையான சோயாத் தயிர்), அவித்த முட்டை, மசித்த மீன் என்று போகலாம். ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதையும் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதையும் விட வேண்டும். உண்டபின் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். "அம்மா, கஞ்சியைவிட உங்க மீன் குழம்பு மீன்தான் எனக்கு மருந்து" என்று மூன்றாம் வாரம் சொன்ன பிறகுதான் அவருக்கு நிம்மதி.

அத்தை வீட்டில் மட்டும் பித்தப்பைக் கல் என்று சொல்லி வைத்திருந்தோம். தீபாவளிக்குப் போனபோது, "என்னடி, வாயே திறக்க மாட்டேங்குற" என்று அதிரசத்தைக் கையில் திணித்தார். ரகசியத்தைக் காப்பாற்றத் தின்றேன். புளோக்கின் கீழே வந்து வாந்தியெடுத்தேன். ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம். ஆனால் போகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் மூன்று. நீரிழிவு மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்காதீர்கள், முதல் வாரத்திலேயே சர்க்கரை வெகுவாக இறங்கலாம். மூட்டுவலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் கொடுக்கும் கிளினிக்கில் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லுங்கள், குறிப்பாக வயிற்றின் பெரும்பகுதியை ஒதுக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் வகை செய்தவர்களுக்கு அந்த இணைப்பில் புண் வரலாம். வைட்டமின்கள் ஆயுளுக்கும் தொடர வேண்டியவை, சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 இன்னும் முக்கியம். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கும், காத்திருக்கக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களிடம் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால் இதை முன்கூட்டியே பேசுவது நல்லது.

கடைசியாக மறைப்பது எடை திரும்புவதை. இரண்டாம் ஆண்டில் நான்கு கிலோ ஏறியது. வெட்கத்தில் மறுபரிசோதனைத் தேதியை இரண்டு முறை தள்ளினேன். மூன்றாம் முறை போனபோது உணவியல் நிபுணர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. "வேலை எத்தனை மணிக்கு முடியுது?" என்று கேட்டார். விமான நிலையத்தில் ஷிஃப்ட், விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கம் வராமலிருக்க இரண்டு தே தாரே, பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டு ஆற்றிய தேநீர். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. வயிறு எவ்வளவு சிறிதானாலும் பாலும் சர்க்கரையும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். மறுநாள் ஷிஃப்டில் கடைக்கார அங்கிள் வழக்கம்போலக் குவளையை எடுத்தார். "அங்கிள், இனிமே தே ஓ கொசோங்" என்றேன், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்.