நகைச்சுவை மங்காவை எடைபோடும் முறை

அத்தியாயத்துக்கு ஒரு தனிக்கதை என நகரும் நகைச்சுவை மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) மதிப்பிட விரும்புவோர், முதல் அத்தியாயத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், இடையிலிருந்து மூன்று அத்தியாயங்களை எடுத்து, வசனங்களைப் படிக்காமல் படங்களை மட்டும் வலமிருந்து இடமாகப் பார்த்துச் செல்லுங்கள். யார் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது முகபாவத்திலேயே விளங்கினால், ஓவியம் தன் வேலையைச் செய்கிறது எனக் கொள்ளலாம். பின்னணி வெறுமையாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம்; பார்வை முகத்தில் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே பல இடங்களில் அப்படி விடப்படுகிறது.

வேகத்தைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 'யோன்கோமா' எனப்படும் நான்கு கட்ட (நான்கு படச் சட்டங்கள் கொண்ட) வடிவம் பெரும்பாலும் தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்ற வரிசையில் அமைவதால், இரண்டாம் கட்டத்திலேயே முடிவு ஊகிக்கப்பட்டுவிடுகிறதா என்று பாருங்கள். கியோஹிகோ அசுமா 1999 முதல் 2002 வரை நான்கு கட்டங்களில் வரைந்த 'அசுமாங்கா டயோ'வையும், 2003இல் வழக்கமான பக்க அமைப்பில் தொடங்கிய 'யோட்சுபா'வையும் அடுத்தடுத்துப் படித்தால் வேறுபாடு புலப்படும்: முன்னதில் பேச்சற்ற ஒரே கட்டம் சிரிப்புக்கு முந்தைய இடைவெளியாகிறது, பின்னதில் அந்த மௌனம் பல கட்டங்களுக்கு நீள முடிகிறது, பக்கம் புரட்டும் கணத்தையும் அவரால் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது.

ஜப்பானியச் சிலேடைகள் மொழிபெயர்ப்பில் சுவை இழப்பது இயல்பு என்பதால், அவற்றை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.