கேமிங் கணினி: மேம்படுத்துவதா, புதிதாக வாங்குவதா?

முதலில், எந்தப் பாகம் திணறுகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். வழக்கமாக ஆடும் விளையாட்டைத் திறந்து, ரெசல்யூஷனை (திரைப்படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை) மட்டும் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு எத்தனை படங்கள் என்று காட்டும் பிரேம் எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது, ஏறக்குறைய அப்படியே நின்றால் பெரும்பாலும் பிராசசரில் இருக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான் குறை என்றால் அதை மாற்றுவதே சிக்கனம். ஆனால் பவர் சப்ளையின் வாட் அளவையும், கேபினெட்டுக்குள் கார்டின் நீளத்துக்கு இடம் உண்டா என்பதையும் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

பிராசசர் என்றால் மதர்போர்டில் அது பொருந்தும் இடமான சாக்கெட்டே முடிவு சொல்லும். ஏஎம்டி பிராசசர்களுக்காக 2017-இல் வந்த ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தபின், 2022-இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரைக்கூடப் பொருத்தலாம். பலர் இந்த நல்ல வாய்ப்பைக் கவனிக்காமலே புதுக் கணினிக்குப் போய்விடுகிறார்கள். அத்தகைய வழி இல்லாமல், போர்டு, பிராசசர், புதிய வகையான டிடிஆர்5 ரேம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்து, கார்டும் பழையதாக இருந்தால், முழுதாகப் பூட்டி விற்கப்படும் தயார்நிலைக் கணினியின் விலையோடு ஒப்பிட வேண்டிய நேரம் அதுதான்.

அப்படி வாங்கும்போது, போர்டும் பவர் சப்ளையும் பொது அளவில் உள்ளனவா, ரேம் ஒற்றைக் குச்சியா (ஒரே பலகையா) இரட்டையா என்று கேட்டறியுங்கள். நிறுவனம் தனக்கென்று தனி அளவில் செய்த போர்டை நாளைக்கு மாற்றுவது மிகவும் கடினம்.