பத்திரிகை ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ தமிழ் நாளேட்டில் ஆசிரியராக இருந்த ஒருவரைப் பற்றி எழுத முனைபவர்கள் பெரும்பாலும் அவருடைய நூல்களிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, நண்பர்கள் போட்ட நினைவு மலர் ஆகியவை எளிதில் கைக்கு வந்துவிடும். அவற்றை மட்டும் வைத்து எழுதினால் எழுத்தாளர் கிடைப்பார், ஆசிரியர் தப்பிவிடுவார். தலையங்கம், செய்தித் தலைப்பு, எந்த வாசகர் கடிதத்தைப் போடுவது, யாருடைய முதல் கதையை ஞாயிறு பதிப்பில் ஏற்றுவது என ஆசிரியர் வேலையில் பெரும்பகுதி பெயர் போடாமல் செய்யும் வேலை. அதனால் நாளேட்டின் பழைய இதழ்களைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரே தாளில் கால வரிசை போடுங்கள்: தேதி, நிகழ்வு, அது எங்கே கிடைத்தது, எவ்வளவு உறுதி. அவர் எந்த ஏட்டில் எந்த மாதம் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதே இதில் முக்கியம். நம் ஆசிரியர்கள் ஒரே நாற்காலியில் இருந்தவர்கள் அல்லர். ஆதி. குமணனைப் பற்றி எழுதினால் வானம்பாடி, தமிழ் ஓசை, மலேசிய நண்பன், மக்கள் ஓசை என நான்கு ஏடுகளைப் புரட்ட வேண்டும். முருகு சுப்பிரமணியன் தமிழகத்தில் ‘பொன்னி’ இதழை நடத்தியவர், பிறகு சிங்கப்பூரின் தமிழ் முரசு, கோலாலம்பூரின் தமிழ் நேசன் என வந்தவர். அவருக்கு மூன்று நாடுகளில் தேட வேண்டியிருக்கும்: சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றியிருக்கும் தமிழ் முரசு இதழ்கள், இங்கே கோலாலம்பூர்.

கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், மலாயாப் பல்கலைக்கழக நூலகம் மூன்றையும் பாருங்கள். பினாங்குக்காரர்கள் அறிவியல் பல்கலைக்கழக நூலகத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படலாம். என்னென்ன ஏடுகளும் நூல்களும் இங்கே அச்சாயின என்று அறிய இராம சுப்பையா தொகுத்து 1969இல் வெளியான தமிழ் மலேசியானா பட்டியல் இன்றும் உதவும். போகும் முன் எந்த ஆண்டுகள் நுண்படமாக (மைக்ரோபிலிம்) இருக்கின்றன, எவை அட்டை கட்டிய தாள் தொகுதிகளாக இருக்கின்றன என்று எழுதிக் கேளுங்கள். அங்கே படம் எடுக்கும்போது முதலில் ஏட்டின் பெயரும் தேதியும் உள்ள முகப்பு, அடுத்து முழுப் பக்கம், கடைசியில்தான் வேண்டிய பத்தி. பத்தியை மட்டும் வெட்டி எடுத்த படம் ஆறு மாதம் கழித்து எந்த நாளுடையது என்று தெரியாமல் வீணாகும். ஞாயிறு பதிப்பும் தீபாவளி, பொங்கல் மலர்களும் சில இடங்களில் தனிக் கட்டாக இருக்கும். கேட்டு வாங்காவிட்டால் கதை கவிதைப் பக்கம் முழுவதும் விட்டுப்போகும்.

எல்லாவற்றையும் படிக்க முடியாது. ஆறு ஆண்டுப் பொறுப்பு என்றால் ஏறக்குறைய 2,000 இதழ்கள். அவர் பொறுப்பேற்ற முதல் மாதம், கடைசி மாதம், ஆண்டு மலர்கள், 1957 ஆகஸ்ட் (மலாயா விடுதலை), 1969 மே (இனக்கலவரம்) போன்ற திருப்புமுனைகள், மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் என்று எடுங்கள். பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு: அவர் வருவதற்கு முந்தைய மாதத்தையும் படிக்க வேண்டும். முன்னவர் தொடங்கிய பகுதியை இவர் தொடங்கியதாக எழுதிவிடும் தவறு அங்கேதான் பிறக்கிறது.

பெயரில்லாத தலையங்கத்தை ‘இது அவர் நடை’ என்று சொல்லி அவர் கணக்கில் சேர்க்காதீர்கள். கையெழுத்துப் படி, பின்னர் அவரே நூலில் சேர்த்தது, உடன் வேலை செய்தவரின் சாட்சி, இவற்றில் ஒன்றாவது வேண்டும். சாட்சிகளில் மிக நம்பகமானவர் பழைய அச்சுக்கோப்பாளர். ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு வரியையும் கையெழுத்திலிருந்து கோத்தவர் அவர். யார் எழுத்து, யார் கடைசி நிமிடத்தில் அடித்துத் திருத்துவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். துணையாசிரியர்களைத் தேடிப் போகிறவர்கள் இவர்களைத் தேடுவதில்லை. வயதானவர்கள், முதலில் இவர்களைப் பாருங்கள். பேட்டிக்கு வெறுங்கையோடு போகாமல் அந்தக் கால இதழ் நான்கைந்தின் நகலைக் கொண்டுபோனால் நினைவு தானே வரும்.

ஆசிரியர் மற்றவர்களுக்குச் செய்ததை அவருடைய நூல்களில் பார்க்க முடியாது. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பின் பலன், அதில் பயின்று பிறகு எழுத வந்தவர்களின் பெயர்களில்தான் இருக்கிறது. எனவே அவர் காலத்தில் முதன்முதலாக அச்சேறியவர்களின் பட்டியலைத் தனியாக எடுங்கள். வாழ்க்கை வரலாற்றின் மிகச் செழிப்பான அத்தியாயம் அதிலிருந்து வரும்.

தேதிகளில் கவனம். திருவள்ளுவர் ஆண்டு ஆங்கில ஆண்டைவிட 31 கூடுதல். இதழில் 1990 என்றிருந்தால் அது 1959 ஆக இருக்கலாம். விகாரி என்ற தமிழ் ஆண்டு 1959 சித்திரையில் தொடங்குவதால் விகாரி தை என்பது 1960 ஜனவரியைக் குறிக்கும், 1959 ஜனவரியை அல்ல. ஜப்பானியர் ஆட்சிக் காலத் தாள்களில், அவர்களுடைய ஆண்டுக் கணக்கில் 2602 என்பது 1942. இந்தியாவில் பிறந்தவரின் பிறந்த தேதியை அடையாள அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது குத்துமதிப்பாகப் பதிந்ததாக இருக்கலாம். ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கின்றன: தெலுக் ஆன்சன் இன்றைய தெலுக் இந்தான், போர்ட் சுவெட்டன்ஹாம் இன்றைய கிள்ளான் துறைமுகம். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களைக் கணினி தவறாகப் படிக்கும். தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து ‘எழுதவில்லை’ என்று முடிவு கட்டாமல் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள்.

1984ஆம் ஆண்டு அச்சகம், வெளியீடுகள் சட்டத்தின்படி 2012 திருத்தம் வரை ஏடுகள் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு தலையங்கம் மௌனமாக இருந்தால் உடனே கோழைத்தனம் என்று எழுதிவிடாமல், அதே வாரம் மற்ற ஏடுகள் என்ன எழுதின என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் உள்ள தாள்களைப் பசைநாடா ஒட்டியும் பிளாஸ்டிக் உறையில் உருக்கியும் கெடுக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்த ஊசிகளை மெல்ல எடுத்துவிட்டு எழுத்துப் பக்கங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியிலும் சிறு புகைப்படங்களை 600இலும் வருடி (ஸ்கேன் செய்து) வையுங்கள்.

நூலில் அவர் எழுத்தை நீளமாகச் சேர்ப்பதானால் அனுமதி வேண்டும். மலேசியாவில் பதிப்புரிமை, எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை நீடிக்கும். சம்பளத்துக்கு எழுதியவற்றின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கே போகும் என்பதால் குடும்பத்தாரிடம் மட்டும் கேட்டால் போதாது. அச்சானதும் ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். திரட்டிய படங்கள், பேட்டி ஒலிப்பதிவுகளின் நகலையும் அப்போதே ஏதாவது ஒரு நூலகத்திடம் கொடுத்துவிடுங்கள்.