வயல்வெளி தீட்டுகையில்: ஒரே படத்தில் இரண்டு சூரியன்கள்

பிரஷ்ஷைத் துடைக்காமல் அடுத்த நிறத்தில் தோய்ப்பது, டியூபை மூடாமல் விடுவது எல்லாம் நாலு நாளில் தானே சரியாகிவிடும். எண்ணெய் வண்ணத்தில், மாறும் வெளிச்சத்தைப் பிடிக்கும் இம்ப்ரெஷனிசப் பாணியில் நிலக்காட்சி தீட்டுகிறவர்களிடம் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் தவறுகள் வேறு.

வெளிச்சத்தைத் துரத்துவது

காலை 8 மணிக்கு வைக்கோல் போரில் ஆரம்பிக்கிறார்கள். நிழல் இடப்பக்கம் நீண்டு கிடக்கிறது, அப்படியே தீட்டுகிறார்கள். 11 மணிக்கு மரத்துக்கு வரும்போது அதன் நிழல் திசை மாறி, மரத்தடிக்குச் சுருங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைத்தானே தீட்ட வேண்டும் என்று அதையும் வைக்கிறார்கள். படத்தில் இப்போது இரண்டு சூரியன்கள். எரிச்சல் மூட்டுவது அடுத்த கட்டம்தான். ஏதோ உதைக்கிறது என்று தெரிந்து, காலை நிழல்களை எல்லாம் 11 மணி நிழல்களாக மாற்றப் பார்க்கிறார்கள். நிழலுக்கு வைத்த காயாத ஊதா, மேலே வைக்கும் மஞ்சளோடு குழைந்து சேறாகிறது. அரை நாள் உழைப்பும் நல்ல பெயிண்டும் வீண்.

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. கையின் வேகம் அதற்கு ஈடாகாது. இம்ப்ரெஷனிச ஓவியர் மோனே 1890-91இல் பிரான்சின் ஜிவெர்னி கிராமத்தில் கதிர்ப்போர்களைத் தீட்டியபோது பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறினால் கேன்வாஸை மாற்றினார். அந்த வரிசையில் சுமார் 25 படங்கள்.

முதல் 10 நிமிடம் வேறெதையும் தொடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவையும் டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்து, எல்லா நிழல்களின் வடிவத்தையும் ஒரே மூச்சில் குறியுங்கள். கேன்வாஸ் ஓரத்தில் வெளிச்சம் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அதற்குப் பிறகு நிழலின் நிறத்தைத்தான் பார்க்கலாம், இடத்தை நகர்த்தக் கூடாது. ஒன்றரை மணி நேரத்தில் மூட்டை கட்டிவிட்டு, மிச்சத்தை மறுநாள் அதே நேரத்தில் தொடருங்கள். ஏற்கெனவே சேறாகியிருந்தால் மேலே பூசி மறைக்காமல், பாலெட் கத்தியால் சுரண்டித் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

கேன்வாஸ் மேல் வெயில்

நேர் வெயிலில் எல்லா நிறமும் பளிச்சென்று தெரிவதால் கை தானாகவே அடர்த்தியாகக் கலக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் காலைக் காட்சி அந்தியாகியிருக்கும். கேன்வாஸும் பாலெட்டும் இரண்டுமே நிழலில் இருக்கட்டும்.

டியூப் பச்சை

டியூபில் வரும் விரிடியன் பச்சையை அப்படியே வைத்தால் வயல் பிளாஸ்டிக் ஆகிவிடும். லெமன் மஞ்சளில் அல்ட்ராமரைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மிளகளவு பர்ன்ட் சியன்னா சேருங்கள். தூரத்து மரங்களுக்கு மஞ்சளைக் குறைத்து நீலமும் வெள்ளையும் கூட்டுங்கள்.

கருப்பு

பெட்டியிலேயே இருக்கட்டும்.

வெயிலுக்கு வெள்ளை

டைட்டானியம் வெள்ளை பளிச்சென்று ஆக்கும், கூடவே நிறத்தைக் குளிரவும் வைக்கும். வெயில் விழும் புல், சுண்ணாம்பு தெளித்தது போலாகும். முதலில் மஞ்சளைக் கூட்டிப் பாருங்கள், போதாவிட்டால் மட்டும் வெள்ளை.

அடிப்பூச்சில் எண்ணெய்

எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு மெதுவாகக் காயும். அதன்மேல் எண்ணெய் குறைந்த பூச்சு வந்தால் அது முந்திக் காய்ந்து, அடி அசையும்போது வெடிக்கும். முதல் பூச்சுக்கு டர்பென்டைன் மட்டும். லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் பிறகு.

சின்ன பிரஷ்

கடைசிப் பத்து நிமிடம் வரை எடுக்காதீர்கள். கையில் இருந்தால் இலைகளை எண்ணத் தோன்றும்.